துவாய் போதாது

இத்தாலிக் கடற்கரையில் நான்கு நாளுக்கு வீடு எடுத்ததும் ஜெயகௌரி முதலில் ரைஸ் குக்கரைத்தான் பையில் வைத்தாள். மகன் ஜதுஷனோடு மூன்று பேர். அங்கே துவாய் தருவார்களா என்று கேட்க, கணவர் சந்திரகுமார் வீட்டுக்காரிக்குப் போன் எடுத்தார். சுவிஸில், வின்டர்தூர் உணவகச் சமையலறையில் பழகிய இத்தாலியன் அவருக்குப் போதுமாக இருந்தது.

துவாய் எல்லாவற்றையும் உங்கள் தம்பிக்கே கொடுத்துவிட்டேன் என்றாள் அவள். நேற்றே வந்துவிட்டாராம். எத்தனை துவாயால் துடைத்தும் ஈரம் காயவில்லையாம். கட்டில் நனைந்துவிடும் என்று வாசலிலேயே நிற்கிறாராம்.

சந்திரகுமார் போனை வைத்தார்.

"என்னவாம்?"

"அருள் வந்து நிக்கிறானாம்."

களவாய் ஆட்களை ஏற்றிவந்த ஏஜென்சிக்காரனின் படகு அந்தக் கடலில் கவிழ்ந்தபோது தம்பி அருட்செல்வனுக்குப் பத்தொன்பது வயது. உடல் கிடைக்கவில்லை. சந்திரகுமார் முப்பது வருடமாக அந்தப் பக்கம் போனதே இல்லை.

"அப்ப போகவேண்டாம். கான்சல் பண்ணுங்கோ."

"பண்ணலாம். அவன் எங்களைப் பாத்துக்கொண்டெல்லோ நிப்பான்."

ஜெயகௌரி எழுந்துபோய் வீட்டிலிருந்த துவாய்களை எல்லாம் கொண்டுவந்து பெட்டியில் அடுக்கினாள்.

"ஜதுஷன்ரை சேட் ஒண்டும் வையும்," என்றார் சந்திரகுமார். "அவனுக்கும் இப்ப பத்தொன்பதுதானே. அளவாத்தான் இருக்கும்."