செல்லையா வாசிச்ச நாளாகமம்

சாகக் கிடக்குற பொம்பளைக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாதுன்னு இந்திராணி அக்கா சொன்னாங்கன்னா, அதுல தப்பே இல்ல.

விடியறதுக்கு முன்னாடியே ராஜாத்தி புருஷனை எழுப்பிருவா. டெல்லி ஜனவரிக் குளிரு. ரஜாய்ப் போர்வையை விட்டுக் கையை வெளிய நீட்டினா, அது நம்ம கைதானான்னு சந்தேகம் வந்துரும். அந்த நேரத்துல செல்லையா எந்திரிச்சு, லைட்டைப் போட்டு, பொண்டாட்டிக்கு பைபிள் வாசிக்கணும்.

செல்லையா கவர்மெண்ட் ஆபீஸ் பியூன். மோதி பாக்ல சின்ன குவார்ட்டர்ஸ். ஃபைலைத் தூக்கிட்டுப் போகத் தெரியும், உள்ள என்ன எழுதியிருக்குன்னு தெரியாது. தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பான்.

அந்த வீட்ல வேதம் வாசிக்கிற ஆளு ராஜாத்திதான். சர்க்கரை வந்து முதல்ல அவ கண்ணைத் தின்னுச்சு. அப்புறம் கிட்னி. ஆஸ்பத்திரில, "கர் லே ஜாவோ பையா"ன்னுட்டாங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் என்ன பண்றதுன்னு அவங்களும் சொல்லல, இவனும் கேக்கல.

சரி, வாசிக்கச் சொல்றவ பைபிள்ல இருக்குற பாட்டு, ஆறுதலா ஒரு சங்கீதம் வாசிக்கச் சொல்லலாம்ல. மாட்டா. அதே பைபிள்ல இருக்குற நாளாகமம்தான் வேணுமாம். அதுல பக்கம் பக்கமா வெறும் பேரு.

"இவரு அவரைப் பெத்தாரு, அவரு இன்னொருத்தரைப் பெத்தாரு. ஏட்டி, இது வேதமா, ரேஷன் ஆபீஸ் லிஸ்டா?"

"வாசிங்க."

"ஒவ்வொரு பேருக்கும் ஒரு பல்லு ஆடுது. இந்தப் பிள்ளைகளை ஆத்தாமாரு எப்படித்தான் சோறு திங்கக் கூப்பிட்டாங்களோ."

"கடைசிப் பேரைத் தப்பாச் சொல்லிட்டீங்க. திரும்ப."

"அவன் செத்து எவ்வளவோ காலமாச்சு. கோவிச்சுக்க மாட்டான்."

"திரும்ப வாசிங்க."

வாசிச்சு முடிச்சா ஜெபம். அதுவும் அவன்தான் பண்ணணும்.

"ஆண்டவரே, இவ சொல்லித்தான் வந்திருக்கேன். கேஸ் சிலிண்டர் சீக்கிரம் வரணும். எங்க சாகிப்புக்கு நல்ல புத்தி வரணும், முடியலேன்னா டிரான்ஸ்பராவது வரணும். ஆமென்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலியா?"

"உன்னைப் பத்தி அவருக்குத் தெரியாதாக்கும்" அப்படின்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிருவான். அங்க போய்ப் பாத்திரத்தை உருட்டுவான். மூக்கு உறிஞ்சுறது வெளிய கேக்கக்கூடாதுல்ல.

இந்திராணி அக்கா பக்கத்து குவார்ட்டர்ஸ். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துல அவங்க வாசிச்சா தண்ணி ஓடுற மாதிரி இருக்கும். அவங்களே வந்து, "நான் தினமும் வந்து வாசிக்கேன் ராஜாத்தி"ன்னு கேட்டாங்க.

"வேண்டாம்க்கா. அவரே வாசிக்கட்டும்."

அக்காவுக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. படியிறங்கும்போது செல்லையாவைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"வீட்டு வேலை, ஆபீஸ் வேலை, ஆஸ்பத்திரி அலைச்சல், இதுல இது வேறயா? இந்த நேரத்துலயும் புருஷனை வேலை வாங்கணும் அவளுக்கு. இதுவா தம்பி விசுவாசம்?"

"விடுங்கக்கா. இத்தனை வருஷம் நான் பேசினேன், அவ கேட்டுக்கிட்டு இருந்தா. இப்ப பழி வாங்குதா."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். ஆனா அவனுக்கும் சுருக்குன்னுதான் இருந்துச்சு.

வரவர ராஜாத்திக்கு முகமெல்லாம் வீங்கிருச்சு. பேச்சும் குறைஞ்சிருச்சு. தப்பா வாசிச்சா வாயால சொல்ல முடியாம, கட்டில் சட்டத்துல விரலால தட்டுவா. தட்டினா திரும்ப வாசிக்கணும்.

ஒருநாள் விடியக்காலைல அவ நெஞ்சு இரைக்கிற சத்தத்துல அவனுக்குக் கிண்டலே வரல. மளமளன்னு வாசிச்சான். விரல் தட்டவேயில்ல. பயந்துபோய் நிமிர்ந்து பாத்தான். உசுரு இருந்துச்சு.

ஜெபம் பண்ண முட்டி போட்டான்.

"ஆண்டவரே, சிலிண்டர்..." அப்படின்னான். மேல வரல. "ஆண்டவரே, இவளை..." அதுக்கும் மேல வரல. கட்டில்ல தலையை முட்டிக்கிட்டு அழுதான்.

ராஜாத்தி தடவித் தடவி அவன் தலை மேல கையை வச்சா.

"இன்னிக்குத்தான் ஜெபம் பண்ணியிருக்கீங்க."

அதுக்கு மேல அவனுக்குத் தாங்கல. ஞாயித்துக்கிழமை இந்திராணி அக்கா வீட்டுக் கதவைத் தட்டிட்டான்.

"அக்கா, அவ வேண்டாம்னாலும் நீங்க வாங்க. ஒரு சங்கீதமாவது நல்லாக் கேக்கட்டும். என் வாயில நசுங்கின பேரையே கேட்டுக்கிட்டு அவ போகக்கூடாது."

அக்கா பழசை மனசுல வைக்காம வந்து உக்காந்தாங்க. இவன் பால் பூத்துக்குப் போயிட்டுத் திரும்பி வந்தான். கதவு ஒருக்களிச்சிருந்துச்சு. உள்ள அக்கா வாசிக்கிறது கேட்டுச்சு. செருப்பைக் கழட்டினவன் அப்படியே நின்னுட்டான்.

அக்கா பாதி வசனம் வாசிச்சா, மீதியை ராஜாத்தி மூச்சு வாங்கிக்கிட்டே சொல்றா. அடுத்த வசனத்துக்கும் அப்படித்தான். அக்கா வேற சங்கீதத்தைத் திருப்பினாங்க. அதையும் சொல்றா.

அக்கா பைபிளை மூடிட்டாங்க.

"உனக்கு எல்லாமே மனப்பாடமாடி?"

"சின்னப்பிள்ளைலயிருந்து வாசிக்கிறதுதானக்கா. கண்ணு போனாலும் அது போகல."

"அப்புறம் எதுக்கு அந்த மனுஷனைக் குளிர்ல எழுப்பிவிட்டு, வாயில நுழையாத பேரையெல்லாம் வாசிக்கவச்சுக் கொல்லுத?"

ராஜாத்தி இரைச்சுக்கிட்டே சொன்னா.

"அந்தப் பேரெல்லாம் வாசிச்சுப் பழகிட்டார்னா சங்கீதம் தன்னால வந்துரும்க்கா. நான் போன மறுநாள் காலைல அது அவருக்கு வேணும்."