மேற்கு வாசல் கல்

"இந்த டயரை யார் இங்கே சாத்தினது?"

மரபுக் குழுத் தலைவர் போட்ட சத்தத்தில், பஞ்சர் கடை அக்கா டியூபைத் தண்ணீர்த் தொட்டியிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"நான்தான் சார்."

"இது என்ன உன் வீட்டுச் சுவரா? அறுநூறு வருஷத்துக்கு முன்னால ஊரோட மேற்கு வாசல் இருந்த இடம்! ராஜா குதிரையில நுழைஞ்ச இடம்! நாய் படாத பாடு பட்டுக் கல் நட்டா, லாரி டயரைச் சாத்தி மூடி வைப்பியா?"

மற்ற மூன்று வாசல் கல்லையும் தலைவரே ரிப்பன் வெட்டித் திறந்திருந்தார். இதை நட்ட அன்று மட்டும் காய்ச்சலில் படுத்துவிட்டார். இன்றுதான் முதல்முறையாகப் பார்க்க வந்திருக்கிறார். அதுவும் வேன் நிறைய வெளியூர்ப் பேராசிரியர்களோடு.

"சார், கொஞ்சம் ஓரமா வாங்க. ஒரு விஷயம்..."

"ஓரமாவா? எதுவா இருந்தாலும் எல்லார் முன்னாடியும் சொல்லு!"

"எல்லார் முன்னாடியும் வேணாம் சார். இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்க."

"பார்த்தீங்களா?" வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களிடம் முறையிட்டார் தலைவர். "தலைகீழா நின்னு சொன்னாலும் இவங்களுக்கு வரலாறு மண்டையில ஏறாது!"

சட்டைக் கையை மடித்துக்கொண்டு, டயரைக் கட்டிப்பிடித்து அவரே நகர்த்தினார். வெள்ளைச் சட்டை கரியானது. கல் பளிச்சென்று தெரிந்தது.

'மேற்கு வாசல் இருந்த இடம். கல் நட்டவர்: மரபுக் குழுத் தலைவலி.'

தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். தலைவலி தீரவில்லை.

"கல் கொத்தினவரைப் பிடிச்சுக் கேட்டேன் சார்," அக்கா கிசுகிசுத்தாள். "நீங்க போன்ல அனுப்பினதை அப்படியே கொத்தினாராம். நாளைக்கு வந்து சரி பண்ணித் தரேன்னிருக்கார். அதுவரைக்கும் நாலு பேர் உங்களைப் பார்த்துச் சிரிக்க வேணாமேன்னுதான்..."

பின்னால் காலடிச் சத்தம் நெருங்கியது.

"என்ன எழுதியிருக்கு? நாங்களும் பார்க்கலாமா?"

தலைவர் ஒரே பாய்ச்சலில் டயரைக் கல்மேல் சாத்தி, அதன்மேல் தானும் சாய்ந்துகொண்டார்.

"கல்லுல என்ன சார் இருக்கு? இந்தம்மா மாதிரி உழைக்கிறவங்களோட டயர்லதான் நிஜமான வரலாறே இருக்கு!"