லியோனி என்கிற உலை

பந்தத்தை அவள் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்.

எண்ணெயில் தோய்த்த துணி. நுனியில் தீ.

எதிரே இரும்பு உலை, ஒரு தேவாலயத்தின் உயரத்தில். அதன் நெற்றியில் வெள்ளை எழுத்துகளில் அவள் பெயர்.

லியோனி.

பிரான்சின் லொரேனில், இந்தப் பள்ளத்தாக்கில் ஒவ்வோர் உலைக்கும் ஒரு பெண்ணின் பெயர். அந்தப் பெண்தான் தீ வைக்க வேண்டும். வேறு கை மூட்டிய உலையில் யாரும் வேலை செய்ய மாட்டார்கள். முதல்முறை அவள் சிறுமி. அப்பா தூக்கிப் பிடித்தார். பாண்டு வாசித்தார்கள்.

அப்பா அப்போது ஆலையின் மேலாளர். ஜெர்மன் படை நெருங்கிய வாரத்தில், உள்ளே இருந்த இரும்பையெல்லாம் வடித்துவிட்டு உலையை அவரே அணைத்தார். இப்போது அவர் மேலாளர் இல்லை.

அதன்பின் ஆலை யாருக்கு என்று ஜெர்மானியர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டார்கள். ராணுவம் தனக்கு என்றது. ஒரு ஜெர்மன் எஃகுக் கம்பெனி தனக்கு என்றது. குளிர்காலம் முழுக்க உலை சில்லிட்டுக் கிடந்தது.

கம்பெனி வென்றது. அதன் ஆள் இப்போது அவள் பக்கத்தில் நிற்கிறார். தொப்பியைக் கழற்றிவிட்டு, ஏறக்குறைய வெட்கத்துடன்.

“எங்க ஊர்லயும் இதே வழக்கம்தான். எங்க உலைக்கு என் மனைவி பேரு.”

அவள் திரும்பிப் பார்த்தாள்.

பின்னால் தொழிலாளர்கள். உலை எரிந்தால் இங்கேயே இருப்பார்கள். எரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் ஜெர்மன் சுரங்கங்களுக்குப் போவார்கள்.

காலையில் ஃபோர்மன் எமில் வீட்டுக்கு வந்திருந்தார்.

“அந்த இரும்பு குண்டாகி என் மகன் தலையிலதான் விழும்,” என்றார் அப்பா. அண்ணன் கடல் தாண்டி இங்கிலாந்தில் படையில் சேர்ந்திருந்தான்.

“நீங்க சொல்றது சரிதாங்க ஐயா. ஆனா ஞாயித்துக்கிழமை ரயில்ல நீங்க ஏறப்போறதில்லையே.”

இருவரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவள் கோட்டை எடுத்து மாட்டியபோதுதான் பேச்சு நின்றது.

துணி எரிந்து சொட்டியது. கையுறை சுட்டது.

உலையின் அடியில் ஒரு துளை. உள்ளே விறகும் கற்கரியும்.

அவள் குனிந்தாள். தீயை உள்ளே நுழைத்தாள்.

சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு எங்கோ ஆழத்தில் காற்று இழுபடும் சத்தம்.

கம்பெனிக்காரர் கை தட்டினார். அவர் மட்டும். பிறகு அவரே நிறுத்திக்கொண்டார்.

தொழிலாளர்கள் அவரவர் இடத்துக்குப் போனார்கள். எமில் அவளைக் கடக்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டார்.

ஆலை வாசலில் பெண்கள் நின்றிருந்தார்கள். இனி அவர்களுடைய கணவர்கள் மாலையில் வீடு திரும்புவார்கள். அவளுக்கு வழி விட்டார்கள்.

ஒருத்தி நடக்கத் தேவையானதைவிட அகலமான வழி.

வீடு மேட்டின் மேல் இருந்தது. அதன் ஜன்னல்கள் எல்லாம் ஆலையைப் பார்த்தவை. அதற்குள் புகை கூரைகளுக்கு மேல் எழுந்துவிட்டது.

அவள் ஏறிக்கொண்டிருக்கும்போதே கீழ்த்தளத்தில் ஒரு ஜன்னலில் அப்பாவின் கை தெரிந்தது; திரை மூடியது. பிறகு அடுத்தது. பிறகு அதற்கடுத்தது.

பட்டப்பகலில்.

மாடியில் ஒன்று மட்டும் திறந்திருந்தது. அவளுடைய அறை.

அவள் நின்றாள். அதுவும் மூடட்டும் என்று காத்திருந்தாள்.