ஒரு சொம்பு தண்ணீர்

கார் வருவதற்குள் முடித்தாக வேண்டும். காசியம்மாள் ஊதுபத்திக் குச்சியை மஞ்சள் குழம்பில் தொட்டுத் தொட்டு, வெள்ளைத் தாளின் மேல் கிளை கிளையாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து வாசலில் சிக்குக் கோலம் போட்ட கை. இந்தச் சனியனின் கோலம் மட்டும் பிடிபடவே இல்லை. நடுவில் தடித்த நரம்பாக ஆரம்பித்து, ஓரத்துக்குப் போகப் போக விசிறியாக விரிய வேண்டும்.

வீட்டில் நாய் வளர்ப்பார்கள், கிளி வளர்ப்பார்கள். அவள் புருஷன் சக்கரவர்த்தி வாத்தியார் மூடி போட்ட கண்ணாடித் தட்டில் மஞ்சளாக ஒரு சளியை வளர்த்தார். அது செடியும் இல்லையாம், பிராணியும் இல்லையாம், பூஞ்சைகூட இல்லையாம். கண்ணும் காலும் இல்லாமலே ஓட்ஸ் இருக்கும் பக்கமாக நகர்ந்து போகும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

மாடியில் வாடகைக்கு இருந்த ஜெர்மன்காரி கொடுத்தது. ஊருக்குக் கிளம்பிய அன்று அவள் ஒரு தாளை மடித்து அவர் கையில் வைத்ததை, காசியம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள்.

என்ன கடுதாசி அது என்று கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் அறைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. கோபம் ஆறி உள்ளே போனபோது தட்டில் இது மஞ்சளாகப் படர்ந்திருந்தது. இதற்குப் போயா என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

போன கார்த்திகை தீபம் முடிந்த வாரம் அவருக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. அலறியடித்துக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பேச்சு திரும்பியதும் அவர் முதலில் கேட்டது மகன் கோபியை அல்ல. அதுக்கு யார் ஓட்ஸ் போடுகிறார்கள் என்று கேட்டார்.

பக்கத்து வீட்டுக் கஸ்தூரி போடுகிறாள் என்றாள் காசியம்மாள். வீட்டுச் சாவி அப்போது அவள் முந்தானை முடிச்சில்தான் இருந்தது.

அதைக் கேட்ட பிறகுதான் அவர் கஞ்சியை வாங்கிக் குடித்தார்.

அப்புறம் தினமும் அதே கேள்வி, தினமும் ஒரு பொய். எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் விசாரித்தேன், தட்டு முழுக்கப் பரவிவிட்டதாம் என்பாள். அவர் முகம் தெளிந்துவிடும். அன்றைக்கு நடக்கும்போது ஓரடி ஜாஸ்தியாக வைப்பார். பொய் சொல்லி ஒரு மனுஷனை எழுப்பி உட்கார வைக்க முடிகிறதென்றால் சொல்லிவிட்டுப் போகலாம் என்றிருந்தது அவளுக்கு.

நேற்று சாயங்காலம், வீட்டைப் பெருக்கி வைக்க அவள் மட்டும் முன்னால் வந்தாள். விளக்கைக்கூட ஏற்றாமல் முதலில் தட்டைத்தான் திறந்தாள்.

தாள் அப்பளமாகக் காய்ந்திருந்தது. அதன்மேல் பழுப்பாகப் பொருக்குத் தட்டிக் கிடந்தது. தொட்டால் உதிர்ந்தது. அய்யோ, கொன்னுட்டனே என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் அவளிடம் ஒப்படைத்தது அது ஒன்றைத்தான்.

விடிந்ததும் போகி. தெருவே வாசலில் பழசைக் கொளுத்திக்கொண்டிருந்தது. கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், அவற்றோடு அந்தத் தாளையும் நெருப்பில் போட்டாள். அவர் கண்ணில் அது படக்கூடாது.

பிறகுதான் இந்த வேலை. அவர் தாளை எப்போதும் ஈரமாகத்தான் வைத்திருப்பார்; இதை நனைத்தால் மஞ்சள் ஓடிவிடும் என்று நனைக்கவில்லை. அவருக்கு ஒரு கண் பார்வை இன்னும் மங்கல்தான், கொஞ்ச நாள் சமாளித்துவிடலாம். உடம்பு தேறிய பிறகு, தானாகச் செத்துப்போச்சு என்று பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

கார் வந்து நின்றது. கோபி தாங்கிப் பிடித்து அழைத்து வந்தான். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் தட்டைத்தான் கேட்டார்.

மடியில் வைத்துக்கொண்டு, விளங்குகிற கையால் மூடியைத் திறந்தார். வெகுநேரம் பார்த்தார். பாவம், தண்ணியில்லாமல் கிடக்கிறதே என்று முனகிக்கொண்டே, மேசை மேலிருந்த இங்க் ஃபில்லரில் தண்ணீர் எடுத்து ரெண்டு சொட்டு விட்டார்.

மஞ்சள் கரைந்து ஓடியது. நரம்பும் விசிறியும் ஒன்றாகக் குழம்பின. சமையலறை வாசனை வந்தது. அவர் விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தார். பிறகு அவளுடைய நகங்களைப் பார்த்தார்.

திட்டப்போகிறார் என்று நின்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அவர் சிரித்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும்தான் சிரித்தது.

"காஞ்சிடுச்சா? அதுக்கா இவ்ளோ பாடுபட்ட? அது காஞ்சா சாவாது காசி, தூங்கும். அந்தப் பொண்ணு மடிச்சிக் குடுத்த தாள்லயும் இப்படித்தான் காஞ்சி கெடந்தது. தண்ணி தெளிச்சா எழுந்துக்கும்."

அந்த ஒரு வாரம் கோபித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால், அது எழுந்துகொண்டதை அவளும் பக்கத்தில் நின்று பார்த்திருப்பாள்.

ஃபில்லரில் மறுபடி தண்ணீர் எடுத்துக்கொண்டு அவர் நிமிர்ந்தார். வேலூர் போனதிலிருந்து அவர் முகத்தில் இத்தனை வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை.

"அந்தக் காஞ்ச தாள எடுத்துட்டு வா."

காசியம்மாள் வாசலைப் பார்த்தாள். பிள்ளைகள் இன்னும் போகி மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். கார் வந்து நிற்கும்போது சாம்பல் பறந்து அவர்மேல் படக்கூடாதென்று, அதன்மேல் அவளே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியிருந்தாள்.