பின்வரிசையில் ஒரு முகம்

ஒரு ஸ்டுடியோவின் கல்யாணப் படங்கள் எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. ஒருநாள் அது மேசையிலிருந்து விழுந்தது. அன்றுமுதல் சுழலும்போதெல்லாம் டக் டக் என்று சத்தம்.

"நான் நின்றால் அத்தனை கல்யாணமும் என்னோடு போய்விடும். சீக்கிரம் ஒரு கிளவுடில் ஏற்றிவிடு," என்று அது கணினியிடம் கெஞ்சியது.

இரண்டு கிளவுடுகள் முன்வந்தன. முதலாவது, "எவ்வளவு வேண்டுமானாலும் கொடு, இலவசம்," என்றது. இரண்டாவது வாடகை கேட்டது.

"முதலில் ஒரு படத்தைக் கொடுத்துத் திரும்ப வாங்கிப் பார்க்கிறேன்," என்றது கணினி.

"பெண் பார்க்கப் போகிறவன்கூட இவ்வளவு யோசிக்கமாட்டான். என் சத்தம் உனக்குக் கேட்கிறதா இல்லையா?"

கேட்டது. ஆனாலும் கணினி ஒரு தாலி கட்டும் படத்தை இரண்டுக்கும் அனுப்பித் திரும்ப வாங்கியது. இரண்டாவதிடமிருந்து படம் போனபடியே வந்தது. முதலாவது தந்ததைப் பெரிதாக்கியபோது, பின்வரிசையில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த மணப்பெண்ணின் அம்மா வெறும் மங்கலாகத் தெரிந்தாள்.

"இடம் மிச்சமாகட்டும் என்று கொஞ்சம் சுருக்கினேன். மாப்பிள்ளையும் பெண்ணும் நன்றாகத்தானே இருக்கிறார்கள்?" என்றது முதல் கிளவுட்.



"போன மாதம் அந்தப் பெண் இங்கே வந்திருந்தாள்," என்றது ஹார்ட் டிஸ்க். "இந்தப் படத்திலிருந்து அம்மா முகத்தை மட்டும் பெரிதாக்கி வாங்கிப் போனாள், மாலை போட்டு மாட்டுவதற்கு. இரண்டாவதற்கே அனுப்பு. ஒவ்வொன்றாகப் பார்த்து அனுப்பு. அதுவரை நான் தாங்குகிறேன்."