ஏழு முறை போன சிக்னல்

"நில்லுங்க, நில்லுங்க. மறுபடியும் சிக்னல் போச்சு."

வழிகாட்டிப் பெண் கையைத் தூக்கினாள். பின்னால் வந்த ஆறு பேரும் நின்றார்கள். அதில் மாஸ்டர் மட்டும் விடுவிடுவென்று முன்னால் வந்து இடுப்பில் கை வைத்தார்.

"ஏம்மா, இது நாலாவது தடவை. காட்டுக்குள்ள நடக்க வந்தோமா, பஸ் ஸ்டாப்புல நிக்க வந்தோமா?"

மாஸ்டர் முப்பது வருடம் பி.டி. வாத்தியார். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியும் கழுத்திலிருந்து விசிலை இறக்கவில்லை.

"நான் என்ன சார் பண்றது? மேல பாருங்க. இலைக்கு மேல இலை. ஒரு பொட்டு வானம் தெரியல. சாட்டிலைட்டுக்கு நம்மள எப்படித் தெரியும்?"

கையிலிருந்த ஜி.பி.எஸ். கருவியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அவள் ஒரு சுற்று சுற்றினாள். பிறகு தயங்கினாள்.

"சார், நீங்க கொஞ்சம் உக்காந்தா நல்லாருக்கும்."

"நான் எதுக்கு உக்காரணும்?"

"ஆறடி இருக்கீங்க. மறைக்குது."

"அறுபதடி மரம் மறைக்கல, நான் மறைக்கிறேனா?"

"மரத்தை உக்காரச் சொல்ல முடியாதே சார்."

கூட்டத்தில் இருந்த தையல்காரர் களுக்கென்று சிரித்துவிட்டார். மாஸ்டர் முறைத்ததும் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"உக்காருங்களேன்" என்றாள் மாஸ்டரின் மனைவி. "உங்க ஒருத்தரால இத்தனை பேரும் வழி தெரியாம நிக்கணுமா?"

மாஸ்டர் புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டபடி ஒரு பாறையில் உட்கார்ந்தார். எல்லாம் கோபம். பத்து நிமிடம் கழித்துத்தான் சிக்னல் வந்தது.

ஐந்தாவது முறை போனபோது, தண்ணீர் பாட்டில் நிறைந்திருந்தால் சிக்னல் அதில் பட்டுத் தெறித்துப் போகும் என்றாள் வழிகாட்டிப் பெண். "பாதியாவது குடிச்சிடுங்க சார்." மாஸ்டர் ஒரு மடக்குக்கு ஒரு திட்டு வீதம் குடித்து முடித்தார்.

ஆறாவது முறை அவருடைய பையின் மேல் பழி விழுந்தது. அதன் இரும்புக் கொக்கி கருவியைக் குழப்புகிறதாம். பையைத் தையல்காரர் வாங்கிக்கொண்டு நாலடி பின்னால் வர வேண்டியதாயிற்று.

ஏழாவது முறைதான் உச்சம்.

"அதோ ரோடு தெரியுதும்மா!" மாஸ்டர் கத்தினார். "பஸ் தெரியுது! டிரைவர் கொட்டாவி விடுறது தெரியுது!"

"நமக்குத் தெரியுது சார். கருவிக்குத் தெரிய வேண்டாமா?"

மாஸ்டர் விசிலை வாயில் வைத்து ஊதினார். ஊதிவிட்டு, உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் நேராக வனத்துறை ரேஞ்சர் அறைக்குப் போனார். "புகார் நோட்டு எங்கே?"

ரேஞ்சர் தயக்கத்தோடு நோட்டை எடுத்து வைத்தார். "சார், இந்தப் பொண்ணு மேல ஏற்கெனவே ரெண்டு புகார் இருக்கு. மூணாவது வந்தா வேலையை விட்டு எடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு."

"நல்ல உத்தரவு" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஏழு நிறுத்தத்தையும் எண் போட்டு, ஒரு பக்கம் நிறைய எழுதினார். மனைவி பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்க, வழிகாட்டிப் பெண் மூலையில் நின்று கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மூக்கு லேசாக இருப்பது தெரிந்தது. கண்ணாடி மேஜையிலேயே இருந்துவிட்டது. திரும்பி நடந்தார். அறை வாசலுக்கு வரும்போது உள்ளே பேச்சுக் கேட்டது.

"எந்த லட்சணத்துல இருக்குன்னு பாக்கிறேன், குடு அந்த ஜி.பி.எஸ்ஸை... ஏம்மா, இதுல பேட்டரியே இல்லையே!"

"கழட்டி வெச்சிட்டேன் சார்."

"ஏன்?"

"போட்டா சிக்னல் வந்துடுதே சார்."

"பைத்தியமா உனக்கு? அது இல்லாம எப்படி வழி கண்டுபிடிச்சே?"

"தினமும் நடக்கிற பாதைதானே? இது அவருக்காக. முதல் ஏத்தத்துலயே அந்த சாருக்கு உதடு வெளுத்துப் போச்சு. உக்காருங்கன்னு சொன்னேன். 'பி.டி. மாஸ்டரைப் பாத்து உக்காரச் சொல்றியா'ன்னு எனக்கு முன்னால ஓடிக் காமிச்சார். வேற எப்படித்தான் உக்கார வெக்கிறது?"

"அதை அவர் எழுதுறப்போ சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன? வேலை போகப் போகுது உனக்கு."

"அவர் சம்சாரம் பக்கத்துல நின்னாங்களே சார்."

வாசலில் மாஸ்டர் நின்றார். உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. ஒரு தடவை பலமாகச் செருமினார். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நுழைந்து, யார் முகத்தையும் பார்க்காமல் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அந்த நோட்டைக் குடுங்க. ஒண்ணு விட்டுப் போச்சு."

ரேஞ்சர் பெருமூச்சோடு கொடுத்தார். மாஸ்டர் நின்றபடியே எழுதி, கையெழுத்துப் போட்டு, வந்த வேகத்தில் போய்விட்டார்.

"இன்னும் என்னத்தை எழுதித் தொலைச்சாரோ..." ரேஞ்சர் நோட்டைத் திருப்பி, உரக்கப் படித்தார்.

"மேற்படி ஏழு நிறுத்தங்களுக்கும் வழிகாட்டி எந்த விதத்திலும் பொறுப்பல்ல. முழுத் தவறும் சாட்டிலைட்டுடையது. அதன் மேல் உடனே கடும் நடவடிக்கை எடுக்கவும்."