இடது காலின் ஓசை

கடைசி ஓட்டத்துக்கு நான்கு பந்தய மோட்டார் சைக்கிள்களும் வரிசையில் வந்து நின்றபோது, போக்னா என் சாஸேஜ் கடைக்குள், கவிழ்த்துப் போட்ட பீர் பெட்டியின் மேல், ஓடுபாதைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

சீசனின் கடைசிப் போட்டி. தோற்றால் எங்கள் அணி கீழ் லீக்குக்கு இறங்கிவிடும். தலைக்கு மேலே, பார்வையாளர் காலரியில் ஊரே நின்று கத்திக்கொண்டிருந்தது.

அவளுக்கு லீக் பற்றிக் கவலை இல்லை. சிவப்பு ஹெல்மெட்டில் நின்றவர் அவள் கணவர் ஸெவெரின்.

ஏப்ரலிலிருந்து இப்படித்தான். அவர் முறை வந்ததும் காலரியிலிருந்து இறங்கி என்னிடம் வந்துவிடுவாள். போன வருஷம் அவர் தோள் முறிந்ததைப் பார்த்தவள். அதன்பின் பார்க்க முடியவில்லை.

பார்ப்பதில்லை என்பது அவருக்குத் தெரியவும் கூடாது. மனைவி பயப்படுகிறாள் என்று தெரிந்தால் வளைவில் மனம் தயங்கும். பிரேக்கே இல்லாத வண்டியில் தயக்கம்தான் ஆளைக் கவிழ்க்கும் என்பாள்.

அதனால் ஒலிபெருக்கி சொல்வதை வைத்து, எட்டியும் பார்த்து, ஓட்டத்தை நான் அவளுக்குச் சொல்வேன். சரியாகச் சொன்னேனா என்று எனக்கு எப்போதும் சந்தேகம். அவள் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய், ரெண்டாவது வளைவில் ஏன் அவ்வளவு வெளியே போனாய் என்று அவரைக் கண்டிப்பாள். ஒருமுறை நான் வளைவை மாற்றிச் சொல்லிவிட்டேன்.

அவர் அந்தத் தப்பையும் ஒப்புக்கொண்டாராம்.

ஓட்டம் முடிந்ததும் அவள் காத்திருப்பது ஓர் ஓசைக்கு. வளைவில் இடது காலைத் தரையில் இழுத்துக்கொண்டேதான் திரும்ப வேண்டும். அதற்காக அந்தப் பூட்ஸின் அடியில் எஃகுத் தகடு மாட்டியிருப்பார்கள். என் கடையின் பலகைச் சுவருக்குப் பின்னால் சிமெண்ட் நடைபாதை. அதன் கோடியில் ஒரு குழாய். ஒவ்வொரு முறையும் ஸெவெரின் அங்கே முகம் கழுவ வருவார்.

ணங். வலது காலுக்குச் சத்தமில்லை. மறுபடி ணங்.

கேட்டதும் வாயில் ஒதுக்கியிருந்த சூரியகாந்தி விதையைத் துப்பிவிட்டு மேலே ஓடுவாள், முன்வரிசையில் நின்று கையசைக்க.

அன்று நான்கு என்ஜின்களும் ஒன்றாக அலறின. பிறகு அவற்றில் ஒன்று மட்டும் தனியாக வீறிட்டது. பிறகு எல்லாம் நின்றன.

மேலே யாரும் கத்தவில்லை.

விழுந்தது சிவப்பு ஹெல்மெட் என்றது ஒலிபெருக்கி. நான் அதைத் திருப்பிச் சொல்லவில்லை.

"எழுந்துட்டாரான்னு பாருடி."

எட்டிப் பார்த்தேன். ஆம்புலன்ஸைச் சுற்றி ஆட்கள் நின்றதில் எதுவும் தெரியவில்லை. அப்படியே சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாமோ என்னவோ.

கல்லில் சாஸேஜ் கருகியது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

பிறகு, சுவருக்குப் பின்னால், ணங்.

நீண்ட இடைவெளி.

ணங்.

போக்னா என் ஏப்ரனை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே ஓடினாள்.

ஒரு கோப்பைத் தேநீரோடு நான் பின்பக்கம் போனேன். ஸெவெரினின் கை கழுத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. முகம் வெளுத்துப்போயிருந்தது. அவருடைய மெக்கானிக் லெஷெக் இடுப்பைப் பிடித்துத் தாங்கிக்கொண்டிருந்தார்.

குழாய்ப் பக்கம் ஸெவெரின் திரும்பவே இல்லை.

"மத்தவனெல்லாம் வண்டிய விட்டு எறங்குன கையோட இந்த இரும்பக் கழட்டிப் போடுறான்," என்றார் லெஷெக் என்னிடம். "இந்த மகராசன், ஆம்புலன்ஸ்ல கழட்டுனதத் திரும்ப மாட்டிவிடச் சொல்றாரு."

ஸெவெரின் அதைக் காதில் வாங்கவில்லை. பலகைச் சுவரைக் கண்ணால் காட்டி, மெதுவாகக் கேட்டார்.

"மேல போயிட்டாளா?"

தலையாட்டினேன்.

அப்புறம்தான் படியில் உட்கார்ந்து, இடது காலை லெஷெக்கிடம் நீட்டினார்.